எம்.பி.க்கு மார்க் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஒன்று முடிந்தால் போதும், தமிழக எம்.பி.க்களின் மதிப்பெண் பட்டியல் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை, பங்கேற்ற விவாதங்கள் இத்தனை. முதலிடம் இவர், கடைசி அவர். அந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப் குழுக்களில் அதுதான் பேச்சு. எண்கள் பொய்யல்ல. இரு அவைகளின் செயலகங்களும் வெளியிடுகிற பதிவுகளிலிருந்து பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற டெல்லி அமைப்பு தொகுத்துத் தருபவை அவை. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அந்த எண்கள் எதை எண்ணுகின்றன, எதை எண்ணாமல் விடுகின்றன என்று சொல்லாமலே தரவரிசை போடுவதுதான் தவறு. தொகுதி எம்.பி. என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள விரும்பும் வாசகருக்கு மூலப் பதிவுகளே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் முறையையும், எங்கே ஏமாறுவோம் என்பதையும் இக்கடிதத்தில் எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள்க.

வருகையை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அது கையெழுத்துக் கணக்கு. அன்றைய தினப்படி பெறுவதற்காக எம்.பி. வருகைப் பதிவேட்டில் இடும் கையெழுத்து. 2024 குளிர்காலக் கூட்டத்தொடரிலிருந்து மக்களவையில் டேப்லெட்டில் மின்பேனாவால் இட வழி செய்தார்கள். காலையில் கையெழுத்திட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பியவரும், இரவு வரை உட்கார்ந்திருந்தவரும் அந்த ஏட்டில் ஒன்றுதான். 2025 மழைக்காலக் கூட்டத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 21 அமர்வுகள், 120 மணி நேரம் நடத்தத் திட்டமிட்ட மக்களவை நடந்தது 37 மணி நேரம்தான் என்று சபாநாயகரே அறிவித்தார். அந்த 21 நாளும் கையெழுத்திட்ட உறுப்பினருக்கு வருகை 100 சதவீதம். அமைச்சர்களும், சபாநாயகரும், எதிர்க்கட்சித் தலைவரும் கையெழுத்திட வேண்டியதில்லை. அவர்கள் பெயருக்கு நேரே காலியாக இருப்பதைப் பார்த்து 'ஒருநாள்கூட வரவில்லை' என்று மீம் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இடைநீக்கம் இன்னொரு குழி. 2023 குளிர்காலக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் வராத நாட்கள் வராத நாட்களாகவே பதிவாகும். கேள்விப் பட்டியலிலிருந்தும் அவர்கள் பெயர்கள் எடுக்கப்பட்டன. அந்தக் கூட்டத்தொடரை மட்டும் வைத்து ஒருவரை அளப்பது நியாயமில்லை. அப்போதைய சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் விவகாரம் நினைவிருக்கலாம்: டிசம்பர் 14 அன்று அவையிலேயே இல்லாத அவர் பெயரும் அமளி செய்ததாக இடைநீக்கப் பட்டியலில் இடம்பெற்றது. ஆள் மாறிவிட்டது என்று பிறகு பெயரை எடுத்தார்கள். அதிகாரப்பூர்வப் பதிவிலேயே இப்படி நேரும் என்றால், அதிலிருந்து நாம் எடுக்கும் எண்ணை இன்னொரு முறை சரிபார்ப்பதில் தவறில்லை. வருகையில் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்றுதான். அவையின் அனுமதி இல்லாமல் 60 நாட்கள் வராதிருந்தால் அந்த இடம் காலி என்று அறிவிக்க அரசியல் சட்டத்தின் 101-வது பிரிவு அவைக்கு அதிகாரம் தருகிறது.

கேள்விகளுக்கு வருவோம். எம்.பி.யின் வேலையைத் தேடுபவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பட்டியல்கள் அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இங்கேதான்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், 230 நட்சத்திரக் குறியில்லாத கேள்விகள். மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் குறி இருந்தால் அமைச்சர் அவையில் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி கேட்கலாம். குறி இல்லையென்றால் எழுத்து மூலப் பதில், அத்தோடு சரி. மக்களவை உறுப்பினர் ஒரு நாளைக்கு இரண்டு வகையும் சேர்த்து 5 நோட்டீஸ் வரை தரலாம். முழுதாக 15 நாட்களுக்கு முன்பே தர வேண்டும். எந்த அமைச்சகம் எந்தக் கிழமை என்பது முன்கூட்டியே பிரிக்கப்பட்டிருக்கும். வந்து குவியும் நோட்டீஸ்களில் எது பட்டியலில் ஏறும், எந்த வரிசையில் ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது.

ஆக, 'இத்தனை கேள்வி கேட்டார்' என்ற எண்ணில் மூன்று கலந்திருக்கின்றன: எம்.பி.யின் அக்கறை, அவர் அலுவலகத்தில் தேதி தவறாமல் நோட்டீஸ் அனுப்பும் உதவியாளரின் சுறுசுறுப்பு, குலுக்கல் அதிர்ஷ்டம். ஒரே பொருளில் பலர் கொடுத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே எண்ணில் போடுவதும் உண்டு. அப்படிச் சேர்ந்த ஒரு கேள்விக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கணக்கில் ஒன்று ஏறும். வரிக்கு வரி ஒரே வாசகத்தில் நாலு பேர் பெயரில் கேள்வி வந்திருந்தால், அது எங்கோ ஓரிடத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். அது குற்றமல்ல, எல்லாக் கட்சியிலும் நடப்பதுதான். பணம் வாங்கிக்கொண்டு கேட்டால்தான் குற்றம். 2005 டிசம்பரில் அப்படிச் சிக்கிய 11 எம்.பி.க்கள் ஒரே நாளில் பதவி இழந்தார்கள்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பட்டியலில் 20 இருந்தாலும் கேள்வி நேரம் மக்களவையில் காலை 11 முதல் 12 வரைதான். நன்றாக நடக்கும் நாளிலேயே ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவது அபூர்வம். மற்றவற்றுக்கு எழுத்துப் பதில் மேசையில் வைக்கப்படும். மேலே சொன்ன 2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் மக்களவைப் பட்டியலில் ஏறிய நட்சத்திரக் கேள்விகள் 419. வாய்மொழிப் பதில் கிடைத்தது 55-க்கு. ஆகவே ஒருவர் பெயரில் நட்சத்திரக் கேள்வி இருப்பதைக் கண்டதும் அவர் அமைச்சரை மடக்கிக் கேட்டார் என்று எழுதிவிடக் கூடாது. அன்றைய அவை நடவடிக்கைக் குறிப்பைத் திறந்து, அவர் பெயர் அழைக்கப்பட்டதா, அழைத்தபோது இருந்தாரா, துணைக் கேள்வியில் என்ன கேட்டார் என்று பார்க்க வேண்டும். அடுத்தவர் கேள்வியில் எழுந்து நல்ல துணைக் கேள்வி கேட்கும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அந்த உழைப்பு கேள்வி எண்ணிக்கையில் ஏறாது. இது எனக்கு எப்போதும் பெரிய அநியாயமாகவே படுகிறது.

பார்க்கும் வழி: சன்சத் டாட் இன் என்ற தளத்தில் முதலில் மக்களவையா மாநிலங்களவையா என்று தேர்வு செய்யுங்கள். கேள்விகள் பகுதியில் அவை எண், கூட்டத்தொடர் எண், உறுப்பினர் பெயர் ஆகிய மூன்றை மட்டும் கொடுங்கள். அமைச்சகத்தையும் தேதியையும் முதல் தேடலில் காலியாக விடுங்கள். இரு அவைகளுக்கும் எண் முறை வேறு. 2025 மழைக்காலம் என்பது மக்களவைக்கு 18-வது அவையின் 5-வது கூட்டத்தொடர். மாநிலங்களவைக்கு அது 268-வது. கேள்வி எண் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் 1-லிருந்து தொடங்கும். '245-ம் எண் கேள்வி' என்று மட்டும் குறித்து வைத்தால் அடுத்த வருடம் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அவை, கூட்டத்தொடர், தேதி, குறி உண்டா இல்லையா என்ற நான்கும் வேண்டும்.

பெயர்தான் அதிகம் படுத்தும். தேடல் ஆங்கில எழுத்துக்கூட்டில் ஓடுகிறது. நம் பெயர்களுக்கு அது ஒத்துவருவதில்லை. டி.ஆர். பாலுவின் பெயரில் 'ஏ' இரண்டு முறை வரும். தமிழச்சி தங்கபாண்டியனை சுமதி என்று தேட வேண்டும். கனிமொழி என்று அடித்தால் மக்களவையில் தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி கருணாநிதி, 2021-ல் மாநிலங்களவைக்குத் தேர்வான கனிமொழி என்.வி.என். சோமு என இருவர் வருவார்கள்; ஒருவர் கேள்வியை மற்றவர் கணக்கில் எழுதிவிடுவது எளிது. பழைய ஆவணங்களில் அருண் நேரு என்று தேடினால் 1980-களில் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த காங்கிரஸ் தலைவர் முதலில் வந்து நிற்பார், பெரம்பலூர் உறுப்பினர் அல்ல. முழுப் பெயரையும் அடிக்காமல், பெயரின் நடுவில் உள்ள நாலைந்து எழுத்துகளை மட்டும் கொடுத்துப் பட்டியலிலிருந்து தேர்வு செய்வது நல்லது.

பிடிஎஃப்பைத் திறந்ததும் கேள்வியின் வாசகத்தைப் படியுங்கள். நல்ல கேள்வி எப்படி இருக்கும்? எந்தத் திட்டம், எந்த மாவட்டம், கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, தாமதத்துக்குக் காரணம் என்ன, முடியும் தேதி எது என்று (அ), (ஆ), (இ) பிரிவுகளாகக் கேட்டிருக்கும். பதில் சொல்பவர் நழுவ இடம் குறைவு. 'அரசு இது குறித்து அறிந்திருக்கிறதா, அப்படியானால் எடுத்த நடவடிக்கை என்ன?' என்று பொதுவாகக் கேட்டிருந்தால், பதிலில் அந்தத் திட்டத்தின் விளம்பரக் குறிப்பு மூன்று பக்கத்துக்கு வரும். சட்டம் ஒழுங்கு போன்ற மாநிலப் பட்டியல் விஷயத்தைக் கேட்டால் 'அது மாநில அரசின் பொறுப்பு' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். இரண்டு வகையும் எண்ணிக்கையில் ஒன்று ஒன்றுதான்.

பதிலைப் படிப்பதற்கும் பழக்கம் வேண்டும். ரயில்வே பதில்கள் நல்ல பயிற்சி. தமிழ்நாட்டில் ஒரு குறிப்பிட்ட பாதைப் பணி ஏன் நிற்கிறது என்று கேட்டிருப்பார் எம்.பி. 'ரயில்வே திட்டங்கள் மண்டல வாரியாகவே எடுக்கப்படுகின்றன, மாநில வாரியாக அல்ல' என்று தொடங்கும் பதில், தமிழ்நாட்டில் முழுமையாகவோ பகுதியாகவோ வரும் மொத்தத் திட்டங்கள், மொத்தக் கிலோமீட்டர், மொத்தச் செலவு என்று விரிந்து, நிலம் எடுப்பு, வனத்துறை அனுமதி எனக் காரணங்களை அடுக்கி முடியும். கேட்ட பாதைக்கு ஒரு வரிகூட இருக்காது. ஒரு நிலையத்தில் ரயில் நிற்க வேண்டும் என்று கேட்டால், 'நிறுத்தம் வழங்குவது இயக்கச் சாத்தியம், வருவாய் போன்றவற்றைப் பொறுத்த தொடர் நடைமுறை' என்று வரும். அதற்குப் பொருள் இப்போதைக்கு இல்லை என்பதுதான். பதில் இரண்டே வரியில் இருந்தால் ஏமாற வேண்டாம். 'விவரம் இணைப்பில்' என்று எழுதியிருந்தால் அதே கோப்பின் கடைசிப் பக்கங்களில் மாநில வாரியான அட்டவணை இருக்கும். பத்திரிகைச் செய்தி பெரும்பாலும் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. விஷயம் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்' என்றோ, 'பரிசீலனையில் உள்ளது' என்றோ அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்க இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழுக்கள் இருக்கின்றன. நாடாளுமன்ற விவகார அமைச்சகம் உறுதிமொழிகளின் நிலையை இணையத்தில் பதிந்து வருகிறது. மூன்று மாதம் என்பது பல நேரம் நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக இழுபடும். சிலவற்றைக் கைவிட அனுமதி கேட்பார்கள். கேள்வி கேட்ட எம்.பி. அந்த உறுதிமொழியைத் துரத்தினாரா, அடுத்த கூட்டத்தொடரில் அதே பொருளில் மீண்டும் கேட்டாரா என்று பாருங்கள். ஒரே விஷயத்தை மூன்று கூட்டத்தொடர்களாக விடாமல் கேட்டிருப்பவர், முப்பது வெவ்வேறு துறையில் முப்பது கேள்வி போட்டவரைவிட மேல் என்பது என் கருத்து.

அடுத்தது 'விவாதங்கள்' என்ற தலைப்பு. இதற்குள் என்னென்னவோ கிடக்கும். பட்ஜெட் மீது அரை மணி நேரம் பேசியதும் ஒரு விவாதம். அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் இரண்டு நிமிடம் பேசியதும் ஒரு விவாதம். மக்களவையின் 377-வது விதியின் கீழ் ஒரு பிரச்சினையை 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுத்ததும் ஒரு விவாதம். அவை நடக்காத நாட்களில் 377 மனுக்களை எழுந்து படிப்பதுகூட இல்லை, மேசையில் வைத்ததாகக் கொள்ளப்படும். நேரம் போதாமல் முழு உரையையே மேசையில் வைப்பதும் உண்டு. அச்சில் அதற்கு நட்சத்திரமிட்டு அடிக்குறிப்பு இருக்கும். பேசியவர், எழுதி வைத்தவர் என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்ய நேரத்தில் எழுப்பியதற்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 377-க்கும், மாநிலங்களவையில் அதற்கு இணையான சிறப்புக் குறிப்புக்கும் துறை அமைச்சரிடமிருந்து பின்னர் கடிதம் வரும். அந்தக் கடிதம் எம்.பி.யின் கோப்பில் இருக்கும். தொகுதிக்காரர் கேட்டால் காட்டச் சொல்லலாம். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த அமைச்சகத்திடம் கேட்கலாம்.

தமிழில் பேசும் உறுப்பினர்களைத் தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் உரை ஆங்கில மொழிபெயர்ப்பாகவே அச்சாகிறது, 'தமிழில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு' என்ற அடிக்குறிப்புடன். அன்றன்று ஏறும் திருத்தப்படாத பதிவில் அது உடனே கிடைக்காமல் போகலாம். பேசவே இல்லை என்று முடிவு கட்டாமல் பின்னால் வரும் பதிவையும் பார்க்க வேண்டும். சொன்ன சொல்லும் சூடும் வேண்டுமென்றால் காணொளிதான் வழி. 2021 செப்டம்பரில் தொடங்கிய சன்சத் டிவியின் யூடியூப் பக்கத்தில் நாள் முழுக்கப் பதிவு இருக்கிறது. ஆறு மணி நேரப் பதிவில் எங்கே தேடுவது? மக்களவைப் பதிவில் இடையிடையே 12.05 மணி, 12.40 மணி என்று நேரம் குறித்திருப்பார்கள். அவை தொடங்கிய நேரத்தைக் கழித்தால் காணொளியில் ஏறத்தாழ அந்த இடத்துக்குப் போய்விடலாம். நடுவில் ஒத்திவைப்பு இருந்தால் கணக்கு தப்பும், அதையும் கழியுங்கள். அச்சில் புள்ளிகளும் நட்சத்திரமும் மட்டும் இருந்தால் அந்தப் பகுதி அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது அல்லது பதிவே செய்யப்படவில்லை என்று பொருள். அவையில் ஒலிபெருக்கி அணைக்கப்பட்ட நிலையில் கத்தியது எதிலும் இருக்காது.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவைப் பெரிய சாதனையாகச் சுவரொட்டி அடிக்கும் வழக்கமும் வந்துவிட்டது. மசோதா கொடுப்பது நல்லதுதான், ஆனால் அளவு தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம், அதுவும் ஒரு வாரம் மசோதா, மறு வாரம் தீர்மானம். 17-வது மக்களவையில் அறிமுகமானவை 700-க்கும் மேல். விவாதத்துக்கு வந்தவை 2. சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970-ல். அந்த வறட்சியில்தான் திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. 45 ஆண்டுகளில் ஓர் அவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் அது தேறவில்லை. ஆனால் அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவர வேண்டிய நெருக்கடியை அது உண்டாக்கியது, 2019-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிய சண்டை தனி. பட்டியலில் இதற்கும் கிடைப்பது எண்ணிக்கையில் ஒன்றுதான்.

வாக்குகளைப் பற்றிப் பட்டியல்கள் மூச்சே விடுவதில்லை. காரணம் எளிது: பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்பதற்குப் பதிவே கிடையாது. உறுப்பினர் யாராவது டிவிஷன் கேட்டால்தான் பெயர்வாரியாக வாக்குப் பதிவாகும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் அமளிக்கு நடுவே குரல் வாக்கில் நிறைவேறின. டிவிஷன் கேட்டவர்களில் நம் திருச்சி சிவாவும் ஒருவர். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இருந்து கேட்டார்களா என்பது பிறகு பெரும் சர்ச்சை ஆனது. விளைவு, அந்தச் சட்டங்களில் யார் எப்படி வாக்களித்தார் என்று இன்று எவராலும் பதிவைக் காட்ட முடியாது. மாறாக 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதாவில் மக்களவையில் 288-232, மாநிலங்களவையில் 128-95 என்று பெயரோடு இருக்கிறது. அரசியல் சட்டத் திருத்தம் என்றால் டிவிஷன் கட்டாயம். 2023-ல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-2 என்று பதிவானது அப்படித்தான்.

டிவிஷன் பட்டியலைப் படிக்கும்போது அடிக்குறிப்பை விட்டுவிடாதீர்கள். பொத்தானைத் தவறாக அழுத்தியவர்களும், கருவி வேலை செய்யாதவர்களும் சீட்டு எழுதிக் கொடுத்துத் திருத்தியிருப்பார்கள். அவையில் அறிவிக்கும் எண்ணிக்கை 'திருத்தத்துக்கு உட்பட்டது' என்றே அறிவிக்கப்படும். கொறடா உத்தரவு இருந்தால் அதை மீறுபவர் 1985-ம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி இழக்க நேரிடலாம். எனவே அந்த வாக்கில் கட்சியின் நிலையைத்தான் பார்க்கிறோம். தனி உறுப்பினரைப் பற்றி அது சொல்வது, அன்று அவர் அவையில் இருந்தாரா இல்லையா என்பதே. முக்கியமான டிவிஷனில் பெயர் இல்லையென்றால் அதைக் கேட்க வேண்டியதுதான்.

நிலைக்குழுக்கள்தான் யார் கண்ணிலும் படாத இடம். துறை வாரியாக 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர். அமைச்சர்கள் இருக்க முடியாது. 2024-ல் அமைந்த குழுக்களில் நுகர்வோர் விவகாரம், உணவு, பொது விநியோகத்துக்குக் கனிமொழி கருணாநிதியும், தொழில்துறைக்குத் திருச்சி சிவாவும் தலைவர்களானார்கள். கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால் தொலைக்காட்சியில் வராது, மதிப்பெண் பட்டியலிலும் வராது. ஆனால் ஒவ்வொரு அறிக்கையின் பின்னிணைப்பிலும் அந்தப் பொருளுக்காக நடந்த கூட்டங்களின் குறிப்பு இருக்கும், வந்திருந்த உறுப்பினர்கள் பெயரோடு. உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று அவரது பக்கத்தில் பாருங்கள். அந்தக் குழுவின் அறிக்கைகளில் கடைசிப் பத்துப் பக்கங்களை மட்டும் திறந்தாலே வந்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும். அவர் மறுப்புக் குறிப்பு எழுதியிருந்தால் அதுவும் அங்கேயே. அறிக்கையாக முடியாத ஆய்வுகளின் கூட்டங்கள் இதில் வராது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 17-வது மக்களவைக் காலத்தில் குழுவுக்கு அனுப்பப்பட்ட மசோதாக்கள் ஆறில் ஒன்றுதான். அதற்காகக் குழுக்களுக்கு வேலை இல்லை என்று ஆகிவிடாது, துறைகளின் செலவுக்கான மானியக் கோரிக்கைகளை ஆண்டுதோறும் அலசுவது இவையே.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதைக் கண்காணிக்கவும் தளம் உண்டு. ஆனால் நிழற்குடையும் உயர்கோபுர விளக்கும் நாடாளுமன்றப் பணி அல்ல. இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்காமல் இருந்தால் போதும்.

இவ்வளவையும் பார்க்க நேரம் எங்கே என்பீர்கள். கூட்டத்தொடர் நடக்கும்போது வாரத்துக்கு அரை மணி நேரம் போதும், அதுவும் ஒரே எம்.பி.க்கு என்றால். நாற்பது பக்க நோட்டு அல்லது ஓர் எக்செல் தாள். தேதி, எந்த வகை (கேள்வியா, பூஜ்ய நேரமா, 377-ஆ, உரையா), அமைச்சகம், எண், தொகுதி சார்ந்ததா பொதுவா, பதிலின் சாரம் ஒரே வரியில், உறுதிமொழி இருக்கிறதா, அப்படியானால் மூன்று மாதம் முடியும் தேதி. இந்த எட்டுக் கட்டங்களை நிரப்பினால், இரண்டு கூட்டத்தொடரில் அந்த உறுப்பினரைப் பற்றி எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லாததைச் சொல்லிவிடலாம். எந்தத் துறையில் தொடர்ந்து கேட்கிறார், தொகுதியை விட்டுவிட்டாரா, பதில் வந்த பின் அதை மறந்துவிடுகிறாரா என்பவை வரிசையாகத் தெரியும். சனிக்கிழமை செய்வது நல்லது. வெள்ளி வரையிலான பதில்கள் அதற்குள் ஏறியிருக்கும். அமைச்சர் பின்னாளில் பதிலைத் திருத்தி அறிக்கை வைப்பதும் உண்டு. ஆகவே முக்கியமான பதிலின் பிடிஎஃப்பை அன்றே சேமித்துவிடுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் கேட்பவற்றுக்குப் பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கிடைக்கின்றன. கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில், உங்கள் மாவட்டப் பதிப்புகளில் அந்தந்த மாவட்டம் சார்ந்த ஒரு கேள்வி, அதற்கு வந்த பதிலின் அட்டவணை, கேட்டவர் பெயர், கேள்வி எண் ஆகியவற்றைத் தமிழில் வெளியிடுங்கள். தரவரிசைக்கு ஒதுக்கும் கால் பக்கத்தில் இது தாராளமாக அடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை நிலுவையில் இருக்கும் தமிழ்நாட்டு உறுதிமொழிகளையும் பட்டியலிடலாம். தரவரிசை வேண்டுமென்றால் இருக்கட்டும். கீழே, அமைச்சர்கள் இதில் இல்லை, குழுப் பணி இதில் இல்லை, துணைக் கேள்வி இதில் இல்லை என்று மூன்று வரி சேருங்கள்.

இதற்கு டெல்லி நிருபர்கூட வேண்டாம். ஒரு நாளின் கேள்விப் பட்டியல் அந்த நாளுக்கு முன்பே தளத்தில் ஏறிவிடும்; பதில்கள் கேள்வி நேரம் முடிந்த பிறகு அதே இடத்தில் வரும். முந்தின நாளே பட்டியலைப் பார்த்து, நட்சத்திரக் கேள்வியில் முதல் ஐந்து இடத்துக்குள் நம் உறுப்பினர் யாராவது இருந்தால், துணைக் கேள்வியில் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று அவரைத் தொலைபேசியில் கேட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மன்னார்குடி.